உப்பு மூட்டையும் பிள்ளையின் புத்தியும்

வணிகர் பயிற்சிப் பகுதி



மளிகைக் கடையில் உப்புக்கு உள்ள இடம் எதுவென்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருப்பும் எண்ணெயும் மிளகாயும் கடைக்குள்ளே பத்திரமாக இருக்கும். உப்பு மூட்டை மட்டும் வாசற்படியை ஒட்டி வெளியே நிற்கும். இரவில் கடையைப் பூட்டிய பிறகும் அது அங்கேயேதான் கிடக்கும். திருடுவாரும் இல்லை, அதில் பெரிய லாபமும் இல்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஊரே சொன்னாலும், நம் கணக்குப் புத்தகத்தில் உப்புக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரிதான்.

அந்த ஒரு வரிச் சரக்குக்கும், நம் ஊரில் பிறக்கப்போகும் ஒரு பிள்ளையின் புத்திக்கூர்மைக்கும் நேரடியான சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தத்தில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன பங்கு என்பதே இந்தப் பாடம். குறிப்பாக மரக்காணம் போன்ற உப்பளப் பகுதியில் கடை வைத்திருப்பவர்களும், அளத்திலிருந்து சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரிகளும் இதைப் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

மூளையைக் கெடுப்பவை இரண்டு வகை

குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பொருட்களை இரண்டாகப் பிரிக்கலாம். உடலுக்குள் வந்து சேர்வதால் கெடுப்பவை ஒரு வகை. உடலுக்கு வந்து சேராமல் போவதால் கெடுப்பவை இன்னொரு வகை.

முதல் வகைக்கு உதாரணம் பாதரசமும் ஈயமும். ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில், ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மக்களின் உடலில் ஏறியது. 1956-ல் அந்த நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. தாய்மார்கள் ஓரளவு நடமாடிக்கொண்டிருக்க, அவர்கள் வயிற்றிலிருந்த பிள்ளைகள் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். நம் தமிழ்நாட்டிலேயே கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு அந்த ஊர்ப் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதே அதற்குக் காரணம். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தன. மக்கள் கொதித்தார்கள்.

இரண்டாவது வகை செய்தியாவதில்லை. அதில் விஷம் இல்லை, துர்நாற்றம் இல்லை, குற்றம் சாட்டத் தொழிற்சாலை இல்லை. வர வேண்டிய ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றின் பெயர் அயோடின். தடுக்கக்கூடிய மூளைக் குறைபாட்டுக்கு உலகில் மிகப் பெரிய காரணம் அயோடின் பற்றாக்குறையே என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இந்த அயோடின் வீட்டுக்கு வரும் வழி நம் கடை வழிதான்.

அயோடின் செய்யும் வேலை

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் நீரே உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் உத்தரவு கொடுப்பது. அந்தச் சுரப்பு நீரைத் தயாரிக்கும் மூலப்பொருள் அயோடின். மூலப்பொருள் இல்லாமல் எந்தப் பட்டறை ஓடும்? அயோடின் குறைந்தால் சுரப்பி தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு, கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடிக்கப் பார்க்கும். கழுத்து வீங்கும். இதைத்தான் கழலை என்கிறோம்.

கழலை கண்ணுக்குத் தெரியும். தெரியாத நஷ்டம் கர்ப்பத்தில் நடக்கிறது. கருவில் முதல் மூன்று மாதங்கள் வரை குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்வதில்லை. அந்தக் காலம் முழுவதும் தாயின் சுரப்பு நீரை நம்பியே அதன் மூளை உருவாகிறது. தாய்க்கு அயோடின் போதாவிட்டால் குழந்தைக்கும் போதாது. கடுமையான பற்றாக்குறையில் கருச்சிதைவு ஏற்படலாம். காது கேளாமை, வாய் பேசாமை, வளர்ச்சி குன்றிய உடல், மந்தபுத்தி ஆகியவற்றோடு குழந்தை பிறக்கலாம். மிதமான பற்றாக்குறையில் குழந்தை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் மட்டும் பின்தங்கும். "படிப்பு ஏறவில்லை" என்று தலையில் குட்டுவார்களே தவிர, காரணம் யாருக்கும் தெரியாது. 2013-ல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வு இதைக் காட்டியது. கர்ப்ப காலத்தில் அயோடின் சற்றே குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள், எட்டு ஒன்பது வயதில் மொழியறிவிலும் வாசிப்பிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள்.

கருவிலே நேர்ந்த இந்தக் குறையைப் பிறகு எந்த டானிக்கும் ஈடு செய்யாது. ஆகவே, அயோடின் தேவைப்படும் நேரம் தாய் டாக்டரிடம் போவதற்கும் முந்தியது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமென்று தெரியும் முன்பே குழந்தையின் மூளை வேலை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் மாத்திரையை நம்பாமல், தினமும் எல்லா வீட்டிலும் புழங்கும் உப்பில் அதைச் சேர்த்தார்கள்.

எத்தனை புள்ளி நஷ்டம்?

புத்திக்கூர்மையை அளக்க ஐ.க்யூ. என்றொரு கணக்கு உண்டு. சராசரி ஆளுக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள். அயோடின் கடுமையாகக் குறைந்த ஊர்களின் பிள்ளைகளையும், போதிய அயோடின் கிடைக்கும் ஊர்களின் பிள்ளைகளையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை 1994-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது வித்தியாசம் 13.5 புள்ளி என்று வந்தது. சீன நாட்டு ஆய்வுகளை 2005-ல் அதேபோல் திரட்டியபோது சுமார் 12 புள்ளி வந்தது.

12 புள்ளி என்றால் அற்பம் என்று தோன்றலாம். வியாபாரக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஊரில் 100 பிள்ளைகளில் சுமார் 2 பேர் 70-க்குக் கீழே, அதாவது தனியே கவனிக்க வேண்டிய நிலையில் இருப்பார்கள். ஊர் முழுவதற்கும் 12 புள்ளி இறங்கினால் அந்த எண்ணிக்கை 11 அல்லது 12 ஆகிவிடும். மறுபக்கம், 130-க்கு மேல் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் 1000-க்கு 23 பேர் என்றிருந்தது 3 பேர் என்று சுருங்கிவிடும். ஓர் ஊரின் கணக்குப்பிள்ளையும் டாக்டரும் இன்ஜினீயரும் நல்ல வியாபாரியும் அந்த 23-ல்தான் இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் சரித்திரத்தில் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநில மளிகைக் கடைகளில் 1924 மே மாதம் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. வெகு சீக்கிரம் நாடெங்கும் பரவியது. பிற்காலப் பொருளாதார அறிஞர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவச் சேர்க்கைப் பதிவுகளை எடுத்து, அந்த உப்பு வருவதற்கு முன் பிறந்தவர்களையும் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அயோடின் மிகவும் குறைந்திருந்த பகுதி மக்களுக்கு ஐ.க்யூ. சுமார் 15 புள்ளி உயர்ந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டாமல், வாத்தியார் போடாமல், மளிகைக் கடை வழியாக வந்த உயர்வு அது.

"கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்காதா?"

மரக்காணம் பக்கம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும்போது, இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் தெரியும் ஊர் இது. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உப்பும் கடலும் இவ்வூருக்கு வழிவழியாக வந்தவை. "கடலில் விளைந்த உப்புக்கு மேலே இன்னும் என்ன மருந்து கலப்பது?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சமையல் உப்பு சுமார் 27 கிராம் இருக்கிறது. அதே ஒரு லிட்டரில் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அயோடின் அவ்வளவும் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்தாலும், ஒரு கிராம் உப்புக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம்தான் தேறும். கடையில் விற்கும் உப்பில் இருக்க வேண்டியதோ கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம்.

அந்த இரண்டும் முழுதாக வருவதில்லை. பாத்தியில் வெயில் காய்ந்து உப்புப் பூத்ததும் தொழிலாளர்கள் அதை வாரிக் குவிக்கிறார்கள். மிஞ்சும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். அயோடின் பெரும்பாலும் அந்தக் கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஆகவே, அளத்தில் வாரியெடுத்த கல் உப்பு எவ்வளவு வெண்மையாக, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அயோடின் கணக்கில் அது வெறும் உப்பே. கடலுக்கு எதிரே குடியிருந்து, உப்பளத்திலேயே உழைக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கும் அயோடின் குறையலாம் என்பது இந்தத் தொழிலின் பெரிய வேதனை.

"நாங்கள் மீன் சாப்பிடுகிறோமே" என்பார்கள். கடல் மீனில் அயோடின் உண்டு. ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும். எல்லா வீட்டிலும் தினமும் மீன் இல்லை, கர்ப்பிணிகள் பலர் வாந்தியில் மீனைத் தொடுவதும் இல்லை. நம் நாட்டில் மலைப் பகுதியில் மட்டுமல்லாமல் கடலோர மாவட்டங்களிலும் ஆய்வுகளில் கழலை காணப்பட்டிருக்கிறது.

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவில் இந்த உண்மையை நிரூபித்தது இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கு. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1950-களின் நடுவில் அங்கே ஆய்வு தொடங்கினார்கள். பகுதியை மூன்றாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரண உப்புப் பகுதியில் அப்படியே இருந்தது.

அதன் விளைவாக 1962-ல் தேசியக் கழலை ஒழிப்புத் திட்டம் வந்தது. நோய் கழுத்தோடு நிற்பதில்லை, மூளையையும் தொடுகிறது என்பது தெளிவானதும், 1992-ல் அதற்குத் தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற மத்திய அரசின் தடை 1997-ல் அறிவிக்கப்பட்டு 1998-ல் அமலுக்கு வந்தது. சிறு உப்பு உற்பத்தியாளர்களின் பிழைப்பு கெடும், உப்பு மக்களின் உரிமை என்றெல்லாம் எதிர்ப்பு எழுந்து, 2000-ல் அது நீக்கப்பட்டது. 2005-ல் மீண்டும் அறிவித்து, 2006 மே மாதம் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2011 முதல் இந்த விதி உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் ஒழுங்குமுறைகளில் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலை என்ன? உப்பு உற்பத்தியில் நம் மாநிலம் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் 2018–19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 100-க்கு 76.3 என்றும், தமிழ்நாட்டில் 61.9 என்றும் கணக்கு வந்தது. ஆய்வு செய்த மாநிலங்களில் நம்முடையதுதான் கடைசி. அளம் பக்கத்திலேயே இருப்பதும், கல் உப்பின் மேல் நம் வீடுகளுக்குள்ள பிரியமும் இதற்குக் காரணங்கள். அளம் தொலைவில் இருக்கும் மாநிலங்களுக்கு உப்பு ரயிலேறி, ஆலை வழியாகப் போகிறது. நமக்கோ அளத்திலிருந்து லாரியில், வண்டியில் நேராகக் கடைக்கு வந்துவிடுகிறது. நடுவில் அயோடின் சேர்க்கும் படி விட்டுப்போகிறது.

அயோடின் எப்படிச் சேர்கிறது, எப்படித் தொலைகிறது

நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட் என்ற வெள்ளைத் தூள். அதைத் தண்ணீரில் கரைத்து உப்பின் மேல் தெளித்துக் கலக்குகிறார்கள். ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின் வேண்டுமானால், அயோடேட் தூள் சுமார் 50 கிராம் போதும். ஆயிரம் கிலோவுக்கு ஐம்பது கிராம்! ஒரு மனிதன் எழுபது வருட ஆயுளில் சாப்பிட வேண்டிய மொத்த அயோடினும் 4 கிராமுக்குள்தான். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஆனால் அதை மொத்தமாகச் சாப்பிட்டுச் சேமித்து வைக்க முடியாது. தினமும் துளித் துளியாக வரவேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250. உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராம் இருந்தால், 10 கிராம் உப்பில் 150 கிடைக்கும். இதையே "15 பி.பி.எம்." என்கிறார்கள். ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் என்று பொருள். சில்லறைக் கடையில் விற்கும்போது இதற்குக் குறையக்கூடாது என்பது விதி. வழியில் தொலைவதை உத்தேசித்தே ஆலையில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

தொலைவது எங்கே? இதுதான் கடைக்காரர் கவனிக்க வேண்டிய இடம். அயோடேட் கல் உப்பின் மேற்பரப்பில்தான் படிந்திருக்கும். ஈரம் பட்டால் அது கரைந்து வடிந்து மூட்டையின் அடிக்கு இறங்கும், சாக்கு வழியாக வெளியேறும். வெயிலும் சூடும் அதைச் சிதைக்கும். நாள் ஆக ஆகவும் குறையும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பது நமக்குத் தெரியும். காற்றுப் புகும் சாக்கில் வைத்த உப்பு சில மாதத்திலேயே அயோடினில் பெரும்பங்கை இழந்துவிடக்கூடும். இறுக்கமான பாலிதீன் பையில் வைத்த உப்பு பல மாதங்கள் தாங்கும்.

இப்போது வாசலில் நிற்கும் உப்பு மூட்டையை நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் பனி, ஐப்பசி கார்த்திகையில் அடைமழைச் சாரல். ஆலையில் எவ்வளவு நேர்மையாக அயோடின் சேர்த்து அனுப்பியிருந்தாலும், வாசற்படியில் அது வீணாகிறது. பில்லில் அயோடின் உப்பு, தராசில் வெறும் உப்பு. வாங்கிப் போகிறவர் பார்த்தாலும் முகர்ந்தாலும் நாக்கில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அரிசியில் கல் இருந்தால் மறுநாளே கடைக்கு வந்து சண்டை போடுவார். உப்பில் அயோடின் இல்லையென்றால் ஒருநாளும் வரமாட்டார். புகாரே வராத சரக்கில்தான் வியாபாரியின் நாணயம் அதிகம் தேவைப்படுகிறது.

சட்டம் சொல்வது

நேரடியாக மனிதர் உண்பதற்கான உப்பு அயோடின் சேர்த்ததாக இருந்தாலன்றி அதை விற்கவோ, விற்பனைக்கு வைக்கவோ, அந்த நோக்கத்தோடு கடையில் இருப்பு வைக்கவோ கூடாது. கால்நடைக்கு, கருவாடு போன்றவற்றைப் பதப்படுத்த, மருந்து தயாரிக்க, தொழிற்சாலை உபயோகத்துக்கு என்று அயோடின் சேர்க்காத உப்பை விற்கலாம். ஆனால் எதற்கான உப்பு என்பது மூட்டையின் மேல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மரக்காணம் வட்டாரத்தில் மீன் பதனிடுவோருக்கு உப்பு விற்கும் கடைகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இரண்டு மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் கடைப்பையன் எதிலிருந்து அள்ளிப் போடுவான் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அளத்தில் மலிவாக மூட்டை எடுத்து, கடையிலேயே கவரில் போட்டு, "அயோடின் கலந்தது" என்று அச்சடித்து விற்பவர்கள் உண்டு. கவரில் அடைத்து விற்பவர் சட்டப்படி வெறும் சில்லறை வியாபாரி அல்ல, அதற்குத் தனியாக உரிமம் வேண்டும். தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், பொய்யான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அயோடின் சேர்க்கும் செலவு கிலோவுக்கு ஒரு ரூபாயில் சிறு பங்குதான். அந்தச் சில காசுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தியில் கைவைப்பது வியாபாரம் ஆகாது.

வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல

"எங்களுக்குக் கல் உப்புதான் பிடிக்கும்." தாராளமாகப் பயன்படுத்தலாம். அயோடின் சேர்த்த கல் உப்பும் பைகளில் வருகிறது. அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கல் உப்பைக் கழுவிவிட்டுச் சமைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கழுவினால் மேலே படிந்த அயோடின் தண்ணீரோடு போய்விடும். கரைத்து வடிகட்டி, அந்தக் கரைசலையே சமையலுக்கு ஊற்றினால் நஷ்டமில்லை.

"இந்துப்பு நல்லதென்கிறார்களே?" இந்துப்பிலும், இயற்கை உப்பு என்று விற்கப்படுவதிலும் தானாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். பையின் மேல் அயோடின் சேர்த்தது என்று போட்டிருந்தாலொழிய, அதை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அயோடின் கிடைக்காது. கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

"எனக்கு ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்." குறைக்க வேண்டியதுதான். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடினுக்காக யாரும் உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம். சாப்பிடும் கொஞ்சமும் அயோடின் உள்ளதாக இருக்கட்டும் என்பதே பேச்சு. தைராய்டு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டு நடப்பது நல்லது.

"ஊறுகாய் கறுத்துவிடுமே?" முறைப்படி அயோடின் சேர்த்த உப்பால் ஊறுகாயின் நிறமோ ருசியோ மாறுவதில்லை என்று உணவு ஆய்வுகள் காட்டியுள்ளன.

"வீட்டில் எப்படி வைப்பது?" மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். ஈரக் கரண்டி போடக்கூடாது. குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உப்பைப் போட்டால் அயோடின் இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

கடைக்கு ஒரு பட்டியல்

1. சமையல் உப்பைக் கடைக்கு உள்ளே, தரையில் படாமல் மரப்பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். வாசலில் வெயிலிலும் மழையிலும் வைக்க வேண்டாம்.

2. சாக்கில் வரும் உப்பைத் தவிர்த்து, பாலிதீன் பையில் அடைத்து வருவதை வாங்குங்கள். மூட்டையை இழுக்கக் கொக்கி போடாதீர்கள். ஓட்டை வழியாக ஈரம் புகும்.

3. முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். மலிவென்று ஆறு மாதத்துக்கு அடுக்கினால் அயோடின் காத்திருக்காது.

4. பையின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தயாரித்த மாதம், அயோடின் சேர்த்தது என்ற வாசகம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

5. உப்புக்கும் பில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாதிரி எடுக்கும் அதிகாரி வரும்போது, சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத கடைக்காரர்தான் தனியாக மாட்டிக்கொள்கிறார்.

6. கால்நடை உப்பு, கருவாட்டு உப்பு ஆகியவற்றை வேறு மூலையில் வைத்து, "சமையலுக்கு அல்ல" என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள்.

7. உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கச் சிறு சோதனைக் குப்பிகள் கிடைக்கின்றன. ஒரு சிட்டிகை உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலம் அல்லது ஊதா நிறம் வரும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். சரியான அளவைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல முடியும். ஆனாலும் அறவே இல்லாத சரக்கை இது காட்டிக் கொடுத்துவிடும். ஊருக்கு ஒரு குப்பியைச் சங்கச் செலவில் வாங்கி வைத்து, புது லோடு வரும்போதெல்லாம் சோதிப்பது பெரிய செலவல்ல.

8. மொத்த வியாபாரிகள் அளத்து உப்பை அப்படியே சில்லறைக் கடைக்குத் தள்ளாமல், அயோடின் சேர்க்கும் ஆலை வழியாக மட்டுமே சமையலுக்கு அனுப்புவது என்று தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் விலையில் அடிபடுவார். எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கம் என்பது இதற்காகத்தானே இருக்கிறது.

உப்பளத் தொழிலாளியின் உழைப்பை இந்தப் பேச்சு எந்த விதத்திலும் குறைத்து மதிப்பிடவில்லை. கொளுத்தும் வெயிலில், கண் கூசும் வெள்ளைப் பாத்தியில், காலில் புண்ணோடு நின்று அவர் வாரித் தரும் உப்பில் ஒரு சொட்டு அயோடின் சேர்ந்தால்தான் அது அவருடைய சொந்தப் பிள்ளைக்கே முழுமையான உணவாகும். அளத்தில் அதைச் சேர்க்க அவருக்கு வசதியில்லை. அதைச் சேர்த்து வாங்குவதும், சேர்த்ததைத் தொலையாமல் காப்பதும் நம் கையில் இருக்கிறது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். நம்மிடம் உப்பு வாங்கும் வீட்டுக்காரர் நம்மை நினைக்கிறாரோ இல்லையோ, அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளை நன்றாகப் படித்தால் அதில் நம் தராசுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று கடையைப் பூட்டும்போது வாசலில் நிற்கும் உப்பு மூட்டையை உள்ளே எடுத்து வையுங்கள்.